அடி எடுத்துக் கொடுத்தவள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது, எழுதுவது என்றால் நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தட்டச்சர் பேனா பிடித்து எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி இருமல் இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் போய் அக்கரைக்காரர்கள் படகில் வேலைக்குப் போய்வந்தார்களே அந்த வருஷம், ரயில்காரர்கள் இருபத்திரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்ததும் அதே வருஷம்தான், நம் தெருவுக்கு முதல் தொலைக்காட்சிப் பெட்டி வந்து பல் டாக்டர் வீட்டு ஜன்னலில் முப்பது தலை தெரிந்ததும் அதே வருஷம்தான், நீ பிறக்க இன்னும் ஆறு வருஷம் இருந்தது. அந்த வருஷம் நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய், கண் ஆஸ்பத்திரியில் உன் கண்ணாடி கவுண்டருக்கு ஒரு வயதான அம்மா வந்தார்கள், உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்குக் கண்தான் மங்கல், ஆனா இந்த மூக்கு எனக்குத் தெரிஞ்ச மூக்கு என்றார்கள், அப்பா யார் என்று கேட்டார்கள், சொன்னதும், உங்கப்பா இன்னும் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுறாரா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள், அவர்கள் பேசும்போது கொஞ்சம் திக்கியது, யாருப்பா அது என்று. தெரியாது என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு மழை பெய்கிறதா, அரிசி என்ன விலை என்று வேறு பேச்சுக்குப் போனேன், நீயும் விட்டுவிட்டாய். பொய் சொன்னேன் அம்மா. அவள் என் கூடப்பிறந்த அக்கா, என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள், அதனால் சின்னக்கா என்றே கூப்பிடுவேன். உனக்கு நான் ஒரே ஒரு பெரியப்பாவைத்தான் காட்டி வளர்த்தேன். உனக்கு அத்தையும் உண்டு. போனில் சொன்னால் நடுவில் நழுவிவிடுவேன் என்று எனக்கே தெரியும், அதனால்தான் இன்னொருவர் கையால் எழுத வைக்கிறேன், அவர் எழுதிவிட்டால் என்னால் அழிக்க முடியாது, அழிக்க எது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாதே.

எங்கள் அப்பாவின் நாடகக் கம்பெனி பற்றி நீ கேள்விப்பட்டிருக்கிறாய். அப்பா ராஜா வேஷம், அம்மா ராணி வேஷமும் தையல் வேலையும், உன் பெரியப்பா கதாநாயகன். நான் நாலு வயதில் மேடை ஏறினேன், ஏறினவன் இறங்கவே இல்லை, அதனால் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவில்லை. சின்னக்காவுக்குத் திக்குவாய். இதை மேடையில ஏத்தினா ராஜா செத்து மறுநாள்தான் ஐயோன்னு சொல்லும் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார், அவளும் கூடச் சிரிப்பாள், அதனால் அவளைப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். கம்பெனி முழுக்க ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று ஆயிற்று. ஓர் அதிசயம் சொல்கிறேன் கேள், சத்தமாகப் பேசினால்தான் அவளுக்குத் திக்கும். ரகசியக் குரலில் பேசினால் ஒரு எழுத்தும் தடுக்காது, எண்ணெய் விட்டதுபோல் போகும். அதனால் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று எல்லோருக்கும் அடி எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு வந்தது. மற்றவர்களுக்கு மறந்தால்தான் அவள் வேண்டும், எனக்கு ஒவ்வொரு வரிக்கும் வேண்டும். எனக்கு இடது காது மந்தம், அப்பா ஒரு தடவை வைத்த அறையில் போனது, ஆகவே மேடையின் வலது ஓரத்திலேயே என்னை நிறுத்துவார்கள். அவள் சொல்வாள், நான் காதில் வாங்குவேன், ஒரு மூச்சு நிற்பேன், பிறகு வாயைத் திறப்பேன்.

நான் எப்படிச் சிரிப்பு நடிகன் ஆனேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் எத்தனையோ கதை விட்டிருக்கிறேன். நடந்தது இதுதான். எனக்குப் பதினாலு வயது, மந்திரி வேஷம், எதிரே அப்பா ராஜா. மன்னா, எதிரிப் படை கோட்டையை நெருங்கிவிட்டது என்று சின்னக்கா எடுத்துக் கொடுத்தாள், சொன்னேன். அடுத்து என் ஒட்டு மீசை பிய்ந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு, டேய், மீசை ஒரு பக்கம் தொங்குதுடா என்றாள். காதில் விழுவதெல்லாம் வசனம் என்று பழகினவன் நான். ஒரு மூச்சு நின்று, மார்பை நிமிர்த்தி, ராஜாவைப் பார்த்து, டேய், மீசை ஒரு பக்கம் தொங்குதுடா என்று முழங்கினேன். அப்பா பதறிப்போய்த் தன் மீசையைத் தடவிப் பார்த்தார். கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. உள்ளே போனதும் முதுகுத் தோல் உரியப் போகிறது என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்பா வந்தார், பவுடரைத் துடைத்துக்கொண்டே, நாளைக்கும் அதையே சொல்லு என்றார்.

அன்றிலிருந்து சின்னக்கா புத்தகத்தில் இல்லாததையெல்லாம் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். காலையில் துணி மடிக்கும்போது யோசிப்பாள், ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வாள், சாயங்காலம் என் வலது காதில் வந்து விழும். எனக்கே அது முதல் தடவை கேட்பதாக இருக்கும், அதனால் என் முகத்தில் வந்த திகைப்பு நடிப்பே இல்லை. அந்த ஒரு மூச்சு நிற்பேன் பார், அதைத்தான் ஊர் கொண்டாடியது. நிறுத்தி அடிக்கிறான் பாரு, இந்த நிறுத்தம் யாருக்கு வரும் என்றார்கள். அக்கா என்ன சொல்கிறாள் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன், வேறொன்றும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது, அப்பா போய், கம்பெனி கலைந்து, சினிமாக்காரர்கள் என்னை மட்டும் கூப்பிட்டபோது, அக்கா வந்தால்தான் வருவேன் என்றேன். அவ்வளவு நன்றி இருந்தது அப்போது. அக்காதான் என் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்கிறாள் என்று டைரக்டர் ஒருவரைத் தவிர எல்லோரிடமும் சொல்லிவைத்தோம். முதல் படத்தில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்தாள், இரண்டாவது படத்தில் கதவுக்குப் பின்னால். பேச்சைப் பிறகு தனியாகப் பதிவு செய்வார்கள், அதனால் அவள் குரல் படத்தில் வராது.

மூன்றாவது படம், பாலம் போன அந்த வருஷம். சமையலறை செட்டு, ஓரத்தில் முதுகுப் பலகை இல்லாத ஒரு மர அலமாரி, அதற்குள் ஸ்டூல் போட்டு நோட்டோடும் டார்ச் விளக்கோடும் சின்னக்கா. விளக்கு மாற்ற நேரமாகும் என்று நான் அலமாரி முன்னால் நின்று விசிறிக்கொண்டிருந்தேன். தயாரிப்பாளர் ஒரு பத்திரிகைக்காரரோடு வந்தார். தோளில் கை போட்டு, படத்துக்குப் பேர் போடுற லிஸ்ட் தயாராகுதுப்பா, சிரிப்பு வசனம்னு தனியா ஒரு பேர் போடலாம்னு இருக்கேன், உனக்கு யாரு எழுதுறது என்று கேட்டார். பழக்கதோஷம், நான் வலது காதை அலமாரிப் பக்கம் சாய்த்து ஒரு மூச்சு நின்றேன். ஒரு முணுமுணுப்பும் வரவில்லை. எப்படி வரும்? தன் பேரைத் தானே எடுத்துக் கொடுப்பாளா? அந்த ஒரு வரியையாவது இவன் சொந்தமாகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். நான் சொன்னேன், யாரும் எழுதறதில்ல சார், எல்லாம் நமக்கு வாயில வர்றதுதான். பத்திரிகைக்காரர் குறித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

தட்டச்சர் இந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, இதையும் எழுதணுமாண்ணே என்று கேட்கிறார். எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று நீ கேட்பாய். எழுத்து வாசனை இல்லாதவன் என்று பேப்பரில் வந்துவிடுமோ என்று பயம். அலமாரிக்குள் அக்காவை வைத்துக்கொண்டு நடிக்கிறான் என்று சிரிப்பார்களோ என்று பயம். சிரிக்க வைத்துப் பிழைத்தவனுக்குத் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்று பயம் வந்தது பார், அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது.

விளக்குப் போட்டார்கள், அந்தக் காட்சி எடுத்தார்கள். அவள் ஒரு வரி குறையாமல் எடுத்துக் கொடுத்தாள், நானும் சொன்னேன், அந்தப் படத்தில் எல்லோரும் அதிகம் சிரித்த காட்சி அதுதான். முடிந்ததும் வெளியே வந்தாள், கழுத்தெல்லாம் வேர்வை, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். நோட்டை என் கையில் வைத்து, உன்கிட்டயே இருக்கட்டும், படிச்சுக்க என்றாள். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக. ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. அப்படியே போனாள், ஏதோ ஒரு ஊரில் பள்ளிக்கூட ஆபீஸில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தாள் என்று உன் பெரியப்பா சொல்லித் தெரியும். எங்கள் அம்மா காலமானபோது வந்தாள். எல்லோரோடும் பேசினாள், என்னோடு பேசவில்லை. ஒரு வார்த்தைதானேடா, போய்ச் சொல்லித் தொலையேன் என்று அண்ணன் என்னைத் தள்ளினார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவள் அன்று சாயங்கால பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு என் தொழில் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும், ஆனால் ஏன் என்று தெரியாது. அடி எடுத்துக் கொடுக்க வேறு ஆள் போட்டார்கள். காகிதத்தில் இருந்தது வந்தது, சிரிப்பு வரவில்லை. நான் அந்த நிறுத்தத்தை மட்டும் விடவில்லை, நிற்பேன், எதுவும் வராது, இன்னும் கொஞ்சம் நிற்பேன், கொட்டகையில் இருமல் கேட்க ஆரம்பிக்கும். வசனம் மறந்துட்டான்யா என்றார்கள். நாலே வருஷம். பிறகு குடிகாரன் வேஷம், பிறகு பிணம் வேஷம், பிணத்துக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை, நன்றாகவே செய்தேன். அப்புறம் பத்தொன்பது வருஷம் ஒலிப்பதிவுக் கூடத்து வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன், அப்பா ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறார் என்று நீ பள்ளியில் பெருமையாகச் சொன்னாய்.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கையில் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, படிச்சுக் காட்டட்டுமாப்பா என்று கேட்டாய். உன்னை அறைந்தேன். உன்மேல் நான் கை வைத்தது அந்த ஒரு தடவைதான், நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை, ஏன் அடித்தேன் என்று உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அது இந்த நோட்டுதான். யார் படித்தாலும் இது உங்கள் கையெழுத்தில்லையே, நீங்கள்தான் கைநாட்டாயிற்றே என்பார்களே, அதனால் முப்பத்தெட்டு வருஷமாக யாரையும் படிக்க விடவில்லை, அவள் எழுதிய எத்தனையோ வசனத்தை நானே கேட்டதில்லை. இன்று காலை தட்டச்சரிடம் கொடுத்து ஒரு பக்கம் படிக்கச் சொன்னேன். படிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார் மனுஷன். நானும் சிரித்தேன், பிறகு கொஞ்ச நேரம் எங்களால் கடிதத்தை ஆரம்பிக்க முடியவில்லை. உன்னை அடித்ததற்கு இப்போது வருந்தி என்ன, வருந்துகிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அந்த அம்மாவுக்கு வியாழக்கிழமை இரண்டாவது கண்ணுக்கு ஆபரேஷன் என்று நீதான் சொன்னாய். இந்தக் கடிதம் அதற்குள் வர வேண்டும் என்று தட்டச்சர் கூரியரில் போடுகிறார், நோட்டையும் சேர்த்து. அன்று கவுண்டரில் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவளை அத்தை என்று கூப்பிடு. இவங்க எழுதினதைப் பேசித்தான் எங்கப்பா சிரிப்பு நடிகர்னு பேர் வாங்கினார் என்று சொல். நான் நாலு பேர் முன்னால் இல்லை என்றேன், நீ நாலு பேர் முன்னால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் எடுக்காதே, மேடையில் அந்த வசனத்தை ஆயிரம் தடவை எடுத்துக் கொடுத்தவள் அவள், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பாள். கண்ணில் கட்டுப் போட்டிருந்தால் இந்தக் கடிதத்தை நீயே படித்துக் காட்டு, எதையும் விடாதே. அவள் என்னைப் பற்றிப் பேச விரும்பாமல் எழுந்து போனால் தடுக்காதே, நோட்டை மட்டும் கையில் கொடு. பேசினால், அவளுக்குச் சொல் தடுக்கும், அது என்ன சொல் என்று உனக்கு முன்பே தெரிந்துவிடும், வாய் துறுதுறுக்கும், எடுத்துக் கொடுத்துவிடாதே. அவளே சொல்லி முடிக்கும்வரை நில்.

கவுண்டரில் நாள் முழுக்க நிற்காதே, நடு நடுவே உட்கார். மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். பேத்தி பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கப் போகிறாள் என்றாய், நிற்கட்டும், மரத்துக்கு வசனம் கிடையாது. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேரை ஒருவர் மறைக்காமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று அப்பாவின் ஆசீர்வாதம். வியாழக்கிழமையை மறந்துவிடாதே, தள்ளிப் போடாதே, தள்ளிப் போட ஆட்கள் மிச்சமில்லை. எங்கள் அப்பா போனார், அம்மா போனார், அண்ணன் போய் ஐந்து வருஷம் ஆகிறது, அன்று பக்கத்தில் நின்ற, வேஷம் போட்டுவிடுகிற கிழவர், கேட்ட தயாரிப்பாளர், எழுதிக்கொண்ட பத்திரிகைக்காரர், எல்லோரும் போய்விட்டார்கள். அன்று அந்தச் செட்டில் நான் சொன்னதைக் கேட்டவர்களில் எனக்குத் தெரிந்து இன்றைக்கு உயிரோடு இருப்பவள் ஒருத்திதான், உன் அத்தை, என் சின்னக்கா.

இப்படிக்கு,
அவளுடைய தம்பி, உன் அப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை)