காட்டூர் மனைக்கு ஒரு விடுதலைப் பத்திரம்

திருவானைக்காவல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மாவின் முட்டியைத் தவிர மற்றதெல்லாம் சுகம். டப்ளினில் குளிரைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருக்க சமயபுரத்தாளை வேண்டிக்கொள்கிறேன். முதலில் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அண்ணன் கண் காது மூக்கு வைத்துச் சொல்வான்.

வியாழக்கிழமை நாங்கள் மூன்று பேரும் வக்கீலைப் பார்க்கப் போனோம், வக்கீல் வேறு யாருமில்லை, உன்னோடு பிளஸ் டூ படித்த ஆஃப்ரின்தான். தாத்தா விட்டுப்போன காட்டூர் மனையில் உன் அண்ணன் கலையரசன் வீடு கட்டப்போகிறான் அல்லவா, நீயும் நானும் நம் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதினால்தான் பேங்கில் லோன் என்கிறார்கள். ஆஃப்ரின் நகலை எடுத்து, சூரிய சந்திரர் உள்ளவரை, புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் என்று ராகமாக இழுத்தாளா, நான் என்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். குமாஸ்தா வீரமலை, ஐயாவுக்கு விபூதி வேணுங்களா என்று கேட்டார். மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவன், எஸ்.எஸ்.எல்.சி.யையே இரண்டு தவணையில் முடித்தவன், எனக்கு சமஸ்கிருதம் காதில் விழுந்தாலே அர்ச்சனைதான்.

அசடு வழிந்ததை மறைக்க ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டேன். சூரிய சந்திரர் உள்ளவரை என்றால் என்றைக்கும் என்று அர்த்தமாம். அப்ப என்னைக்கும்னே எழுதலாமேம்மா என்றேன். அப்புறம் எங்கள யாரு அங்கிள் மதிப்பா என்றாள். லத்தீனும் இரண்டு சொல்லிக்கொடுத்தாள். ஸ்டேட்டஸ் கோ என்றால் இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்பது, நம் வீட்டுக் குளியலறைக் குழாயை நான் வருஷக்கணக்காக அப்படித்தான் பராமரிக்கிறேன். சூவோ மோட்டோ என்றால் யாரும் புகார் கொடுக்காமல் கோர்ட்டே விசாரணைக்கு எடுத்துக்கொள்வது, அதற்கு உதாரணமாக நான் உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் அதையும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டாள். ப்ரைமா ஃபேசி என்றால் பார்த்த மாத்திரத்தில் நிஜம்போலத் தெரிவது, பெண் பார்க்க வந்த அன்று நான் அப்படித்தான் இருந்தேனாம்.

சிரித்துக்கொண்டே வந்தவனுக்கு ஓர் இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பிறர் தூண்டுதலின்றி மனப்பூர்வமாக எழுதிக்கொடுக்கிறேன், மேற்படி சொத்தில் இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது என்று வருகிறது, கீழே உன் பெயர். நீ அயர்லாந்தில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாய், இங்கே ஐந்து பேர் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து உன் மனப்பூர்வத்தை டைப் அடித்துக்கொண்டிருக்கிறோம். அப்போது ஆஃப்ரின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு லத்தீன் சொன்னாள், ஆடி ஆல்ட்ரம் பார்ட்டம், அடுத்த தரப்பையும் கேட்காமல் முடிவு கட்டாதே என்று அர்த்தமாம். தர்ஷினிகிட்ட கேட்டீங்களா அங்கிள் என்றாள். அவ என்ன சொல்லப்போறா, கையெழுத்துப் போட்டுருவா என்றான் உன் அண்ணன். கல்யாணத்துக்குச் செஞ்சதெல்லாம் பின்ன என்னவாம் என்றாள் உன் அம்மா. என்னைப் பார்த்தார்கள். நான் டீ ஆறுதே என்று சொல்லிக் குடித்தேன்.

போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டு வைப்பாள், அதனால்தான் கடிதம். நகல் இதோடு இருக்கிறது, கவரை நானே ஒட்டிக் கூரியரில் போடுகிறேன். சம்மதமானால் அங்கே தூதரகத்தில் அத்தாட்சி வாங்கிப் பவர் பத்திரம் அனுப்பச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன். டியூட்டி முடிந்து வந்ததும் பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசி, நீங்கள் மூவரும் சூரிய சந்திரர் உள்ளவரை நன்றாயிருங்கள், இதற்குக் குமாஸ்தா தேவையில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
அழகிரி

பி.கு. ஆஃப்ரின் கேட்டபோது டீயோடு சேர்த்து முழுங்கியது இதுதான்: எம் பங்க அவன் எடுத்துக்கட்டும்மா, எம் பொண்ணு பங்குல யாரும் கைவைக்காதீங்க.