போன வருஷம் இதே நாள்

அண்ணே, நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

இன்று கடையில் கருவாடு சுற்றிக் கொடுத்த தாள், ஜப்பான் சண்டைக்கு முந்திய பழைய பத்திரிகை. நீ விரும்பிப் படிக்கும் நகைச்சுவைப் பகுதி அதில் இருந்தது: ‘போன வருஷம் இதே நாள்’. ராஜா முடிசூடிய நாள், கப்பல் முழுகிய நாள் என்று எதற்கெடுத்தாலும் ஆண்டு விழா நடத்துகிறவர்களைக் கேலி செய்யுமே, அதுதான். பாதி எழுத்து ஊறி அழிந்திருந்தது. மீதியை உன் குரலில் படித்தேன்.

ஜப்பான்காரன் வந்து பத்திரிகை நின்றபின் அந்தப் பகுதியை நீயே நடத்தினாய். சாயங்காலம் நம் தோட்டத்து லயன் வீட்டு வாசலில் நின்று, வெறுங்கையைத் தாள் மாதிரி விரித்துப் பிடிப்பாய்.

“போன வருஷம் இதே நாள் நம்ம லயன்ல கடைசியா அரிசிச் சோறு பொங்குனாங்க. சோத்துக்கு இன்னிக்கு மொத திவசம். தலைமை, திருவாளர் மரவள்ளிக்கிழங்கு!”

பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். “டேய், வேல வாங்குற மண்டோர் காதுல விழுந்துச்சுன்னா, ஒனக்கே திவசம்தான்லா!”

நம் 1942 ஜப்பான் கணக்கில் 2602 என்று பள்ளியில் சொன்னதை உன்னிடம் வந்து சொன்னேன். “பாத்தியா, ஒரே ராத்திரில அறுநூத்தி அறுபது வருஷம் ஓடிப்போச்சு. செத்த அப்பாவுக்கு அத்தன திவசமும் பாக்கி. வடை சுட உளுந்துக்கு எங்க போறது?” என்றாய். அம்மாகூடச் சிரித்தாள்.

பிறகு, சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்றார்கள். நம் வீட்டில் ஆண் நீ மட்டும். உன்னை ஏற்றிய லோரி நகர்ந்தபோது, நாங்கள் அழக்கூடாது என்று அங்கிருந்தே கத்தினாய்: “அடுத்த வருஷம் இதே நாள், நான் சயாம் போன மொத ஆண்டு விழா! வடை சுட்டு வைம்மா, வந்துடுறேன்!”

போன வாரம் உன்னோடு போனவர்களில் ஒருவர் திரும்பி வந்தார். எலும்பும் புண்ணுமாக இருந்தார். காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்றார்.

அம்மா அழவில்லை. “என்னிக்கு?” என்றாள்.

“மழ காலம்மா. அங்க ஏது நாளு, தேதி?”

“வளர்பிறையா, தேய்பிறையா?”

“வானத்தையே பாக்கலம்மா.”

அன்று முதல் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “நீதான் படிச்சவளாச்சே. எம்புள்ள செத்த நாளக் கண்டுபுடிச்சுக் குடு. திதி தெரியாம எப்புடிடி அவனுக்குப் படைப்பேன்?” படித்த எதிலும் அது இல்லை அண்ணே. பஞ்சாங்கம்கூட இந்த வருஷம் வரவில்லை.

இன்று அந்தத் தாளைப் பார்த்ததும்தான் உறைத்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்: “அண்ணனே நாளு சொல்லிட்டுத்தாம்மா போயிருக்கு. அது லோரி ஏறி இன்னிக்கோட ஒரு வருஷம்மா!”

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு கிழங்கைத் துருவ உட்கார்ந்தாள். உளுந்து இல்லாத வடை எண்ணெயில் உதிர்ந்து உதிர்ந்து போனது. உதிராமல் தேறியதை இலையில் வைத்தாள். வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தாள்.

“வந்துடுறேன்னு சொன்னான்ல?”

இது விழாவா, திவசமா என்று நான் கேட்கவில்லை. உன்னைப் போலவே வாசலில் நின்று கையை விரித்துப் பார்த்தேன். ‘போன வருஷம் இதே நாள்’ என்று வாய் தொடங்குகிறது. அதற்கு மேல் வரவில்லை. கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. லயனில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.