இரண்டாம் ஓலை

வடக்குத்து,
18-09-2018, செவ்வாய்

அன்புள்ள ஆனந்த்ராஜுக்கு,

ஜெரால்டு எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நீ நலம் என்பது ஞாயிற்றுக்கிழமை கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டதால் அந்த வேலை எனக்கு மிச்சம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எனக்கு அதே ஒர்க்ஷாப், அதே கான்ட்ராக்ட். இது பதினோராவது வருடம். பர்மனென்ட் ஆக்குவோம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு கட்சி சொல்லிவிட்டுப் போகிறது. நாங்களும் கைதட்டிவிட்டு ஷிப்டுக்குப் போகிறோம்.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று பதறாதே. உன் அப்பாவிடமே கேட்டு வாங்கினேன். கல்யாண வாழ்த்து அனுப்ப வேண்டும் என்றேன். மனிதர் கூச்சப்பட்டுப் போனார். “அவன் ஒனக்குச் சொல்லலியா ஜெரால்டு? வேல தொல்லப்பா, தப்பா நெனச்சிக்காத” என்று சொல்லி, புனே முகவரியைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஆரோக்கியதாஸ் என்கிற அந்த மனிதரை ஏமாற்றுவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. நீயும் நானும் அவரைப் பதினோரு வருடமாக ஏமாற்றியிருக்கிறோம், இன்றைக்குத்தான் வெட்கம் வந்தது.

கடிதம் எழுதுவதற்குக் காரணம், ஜூன் மாதத்திலிருந்து நான் அனுப்புகிற வாட்ஸ்அப் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. ஏதோ கோபம், ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். இந்த மாதம் ஆறாம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 377 தீர்ப்பு வந்த அன்றைக்கு ஒர்க்ஷாப் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் இரண்டு நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்தாய். இந்த நாட்டில் இனி நம்மை யாரும் ஜெயிலில் போட முடியாது என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். நாள் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரத்தில் நீ கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாய் போலிருக்கிறது.

மறுநாள் டீ நேரத்தில் எங்கள் ஷெட்டில் நடந்ததையும் கேள். வெல்டர் வேலுமணி உனக்குத் தெரியும், எந்தச் செய்திக்கும் தீர்ப்பு சொல்கிற ஆள். பேப்பரைச் சத்தமாக வாசித்துவிட்டுத் துப்பினார். இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி, தமிழன் பண்பாட்டில் கிடையாது என்றார். உங்கள் கட்சி என்ன சொல்கிறது என்று ஒருவன் கேட்டான். அறிக்கை இன்னும் வரவில்லையாம், வந்த பிறகு இதே கருத்தாகத்தான் இருக்கும் என்றார். பிறகு பேச்சு அங்கிருந்து ஹிந்திக்குத் தாவியது. இது மத்திய அரசு ஆபீஸ்களில் ஹிந்தி பதினைந்து நாள் கொண்டாடுகிற மாதம் இல்லையா, கட்டுரைப் போட்டிக்குப் பரிசு என்று ஆபீசில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மொழியை அழிக்கிறான், பண்பாட்டை அழிக்கிறான் என்று வேலுமணி கொதித்தார். அவர் மகள் டவுன்ஷிப் பன்னிரண்டாவது பிளாக்கில் ஹிந்தி டியூஷன் போவது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் வேறு எதுவாவது வெளியே வந்துவிடுமோ என்று பயம்.

கடைசியில் ஒரு சினிமா காமெடியை ஒருவன் நடித்துக் காட்டினான். இடுப்பை ஒடித்து, கையை வளைத்து, ஹீரோவின் கன்னத்தைத் தடவி அடி வாங்குகிற பாத்திரம் ஒன்று எந்தப் படத்திலும் இருக்குமே, அது. ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா நாடகத்துக்குச் சிரித்தோமே, அதே மாதிரி, மற்றவர்களைவிட ஒரு பங்கு அதிகமாக. நம்மைச் சொல்வதற்குப் புனேவில் உனக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தை இருக்கிறது, ஏசி ரூமில் உட்கார்ந்து சொல்லலாம். பேப்பரில் இருக்கிற தமிழ் வார்த்தை கட்டிலைத் தாண்டி எதையும் சொல்வதில்லை. இங்கே ஷெட்டில் எங்களுக்கு ஒரு நம்பர்தான் இருக்கிறது, எட்டுக்கு அடுத்த நம்பர்.

இனி ஞாயிற்றுக்கிழமை கதைக்கு வருகிறேன்.

கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டும் இல்லையா, உன் முதல் ஓலையை ஒன்பதாம் தேதி ஃபாதரே வாசித்திருக்கிறார். அன்று எனக்கு முதல் ஷிப்ட். அம்மா வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனவள் திங்கட்கிழமைதான் திரும்பினாள். ஆகவே எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பதினாறாம் தேதி இரண்டாம் பூசையில் வழக்கம்போல அறிவிப்பு வாசிக்க நான் போனேன். தாளை முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு என்றைக்கும் இல்லை. முதல் ஜோடி பதினெட்டாவது பிளாக் பையனும் பண்ருட்டிப் பெண்ணும். அவர்களுக்கு முழு ஓலையையும் வாசித்தேன். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று நிறுத்தி, தெளிவாக.

அடுத்து, “நம் பங்கைச் சேர்ந்த ஆரோக்கியதாஸ் அவர்களின் மகன் ஆனந்த்ராஜ்” என்று என் வாய் வாசித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் என் காதில் விழுந்தது. மைக்கில், என் குரலில், கோயில் நிறைய ஆட்களோடு சேர்ந்து நானும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். துரைராஜ் அவர்களின் மகள் டெய்சி என்பதையும் வாசித்தேன். இரண்டாம் அறிவிப்பு என்பதையும் வாசித்தேன். அந்தக் கடைசி வரி கண்ணுக்கு எதிரே இருந்தது. தடை அறிந்தவன் மைக் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவனே சபையைப் பார்த்து யாருக்காவது தெரியுமா என்று கேட்க வேண்டும். என்னால் முடியவில்லை. நாளை மாலை ஆறு மணிக்கு அன்பிய ஜெபக் கூட்டம் என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

டெய்சியைக் காப்பாற்ற அந்த வரியை விட்டேன் என்று எழுதினால் அது பொய். அந்த நிமிடத்தில் அவள் என் நினைப்பில் இல்லை.

ஃபாதர் பூசை முடிந்ததும் உள்ளே கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பரவாயில்லை, வரும் ஞாயிறு மூன்றாம் ஓலையில் சேர்த்து முழுக்க வாசித்துவிடு என்றார். அவர் அத்தோடு விட்டுவிட்டார், சனங்கள் விடவில்லை. மற்றவர்களுக்கு வாசித்த வரியை டெய்சிக்கு மட்டும் ஏன் விட்டான் என்று கோயில் வாசலிலேயே பேச்சு. சாயங்காலத்துக்குள் முடிவும் கட்டிவிட்டார்கள். ஜெரால்டு அந்தப் பெண்ணை மனதில் வைத்திருந்தானாம். சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்து, ஓலையைப் பார்த்ததும் உடைந்துவிட்டானாம்.

அம்மா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து அழுதாள். “துரைராஜ் வூட்டுப் பொண்ண நெனச்சிக்கினு இருந்தியாடா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கால்ல வுழுந்தாவது கேட்டிருப்பனே” என்றாள். இருபத்தொன்பது வயதில் எனக்கு ஒரு பெண்மேல் ஆசை இருந்தது என்று கேள்விப்பட்டதில் அவளுக்கு அழுகைக்கு நடுவே ஒரு நிம்மதியும் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று ஷெட்டுக்குப் போனால் அங்கேயும் செய்தி வந்து சேர்ந்திருந்தது. வேலுமணி என் தோளில் கை போட்டு உட்கார வைத்தார். டீயும் மசால் வடையும் வாங்கிக் கொடுத்தார். தாடி வைத்துக்கொள் என்று ஒருவன், ஒரு சோகப்பாட்டைப் போனில் போட்டு ஒருவன். என் டூட்டியில் பாதியை மற்றவர்கள் பார்த்தார்கள். பத்து நாள் முன்னால் துப்பிய அதே பெஞ்சு, ஆனந்த். காதல் தோல்வி என்றால் இந்த ஊருக்கு எவ்வளவு இரக்கம் இருக்கிறது தெரியுமா? ஆள் மட்டும் பெண்ணாக இருக்க வேண்டும். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்த வடையைத் தின்றேன். துக்கம் நிஜம்தான், யாருக்காக என்பதில்தான் பொய். உன்னைத் திட்டுவதற்கு எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் மாதா கெபியில் எரியாத விளக்கை மாற்றிக்கொண்டிருந்தேன். டெய்சி வந்தாள். காலாண்டுத் தேர்வு பேப்பர் கட்டு கையில் இருந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“அண்ணா, ஊரு பேசுறது நெசமில்லன்னு எனக்குத் தெரியும். நீங்க என்ன நிமுந்துகூட பாத்ததில்ல. அப்ப அந்த வரிய ஏன் உட்டீங்க?”

கண் தவறிவிட்டது என்றேன். எட்டு வருடமாக ஒரு புள்ளியைக்கூடத் தவற விடாத ஆளுக்கு அன்றைக்கு மட்டும் எப்படித் தவறியது என்று கேட்டாள். கணக்கு டீச்சர் இல்லையா, விடைக்கு வழி கேட்காமல் விடமாட்டாள். நான் என்னைப் பற்றி மட்டும் சொன்னேன். பத்து நாள் முன்னால் பேப்பரில் வந்ததே, அந்த ஆட்களில் நானும் ஒருவன் என்றேன். என் வாயால் இதை ஒருவரிடம் சொன்னது இது இரண்டாவது தடவை. முதல் தடவை உன்னிடம்.

“அவருமா?” என்றாள் அவள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை, ஆனந்த். இல்லை என்றும் சொல்லவில்லை. கையில் இருந்த விளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அது போதும்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. “ஒங்க ரெண்டு பேருக்கும் நான்தான் கெடச்சனா?” என்றாள். உன்னோடு போனில் பேசுவதைப் பற்றிச் சொன்னாள். சாப்பிட்டாயா, ஸ்கூல் எப்படி, புனேவில் மழை, இவ்வளவுதானாம் தினமும். “ஒரு வார்த்த தப்பா பேசமாட்டாரு, அவ்ளோ டீசன்டுன்னு எங்க ஸ்கூல்ல எல்லாருகிட்டயும் பெருமையா சொல்லிக்கினு இருந்தேன்” என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பேப்பர் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு அவள் முதன்முதலாகக் கண்ணில் பட்டாள் என்று சொல்லலாம். இருபத்தைந்து வயசு. கல்யாணப் புடவை எடுத்தாகிவிட்டது. அவளைத் தொட வேண்டும் என்று ஆசையில்லாத ஒருவனோடு புனேவில் ஒரு வீட்டுக்குள் அடைபடப் போகிறாள். தன்னிடம்தான் ஏதோ குறை என்று முப்பது வருடம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாள்.

பிறகு நிதானமாகச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நீங்க சொல்லி நான் நிறுத்துனதா இருக்க வேணாம். அவரு வாயால ஏங்கிட்ட சொல்லட்டும். சனிக்கெழம வரைக்கும் பாக்குறேன். சொன்னாருன்னா, எனக்குப் புடிக்கலன்னு நானே நிறுத்திக்கிறேன். பழி எம்மேல போவட்டும், அவரு பேரு வெளிய வராது.” சொல்லாவிட்டால் என்று கேட்டேன். எனக்கே தெரியலண்ணா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

யோசித்துப் பார். கல்யாணத்தை நிறுத்திய பெண் என்ற பெயர் நம் ஊரில் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். துரைராஜ் கை நீட்டினாலும் நீட்டுவார். அதைச் சுமக்க அவள் தயார். நீ சுமக்க வேண்டியது ஐந்து நிமிடப் பேச்சு.

உன் பதில் எனக்குத் தெரியும். அம்மா செத்துவிடுவாள், அப்பா ரிட்டயர் ஆன மனிதர், தலைகாட்ட முடியாது, ஊரில் எத்தனை பேர் இப்படிக் கட்டிக்கொண்டு பிள்ளை பெற்று ஓட்டவில்லையா? ஓட்டுகிறார்கள்தான். அந்த வீட்டுப் பெண்களிடம் யாரும் போய்க் கேட்டதில்லை. ஆம்பளைகள் நாம் தீர்ப்பு வந்துவிட்டது என்று துள்ளுகிறோம், இல்லாவிட்டால் பயந்து ஓடுகிறோம். நடுவில் ஒரு பெண் பலியாவதைப் பற்றி டிவி விவாதத்திலும் நாலு பேரில் ஒருவர் பேசக் காணோம்.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். இது மிரட்டல் இல்லை. இருபத்து மூன்றாம் தேதி மூன்றாம் ஓலையை நான்தான் வாசிக்க வேண்டும். உன் பெயர் அந்தத் தாளில் இருந்தால், கடைசி வரியை முழுக்க வாசிப்பேன். வாசித்த பிறகு பூசை முடிந்ததும் ஃபாதர் அறைக்குப் போவேன். தடை தெரியும் என்பேன். எப்படித் தெரியும் என்று கேட்பார், அதையும் சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாவது வரிசையில் அம்மா உட்கார்ந்திருப்பாள். பிறகு இந்த ஊரில் நானும் இருக்க முடியாது, அவளும் இருக்க முடியாது. எனக்கு அந்தத் தைரியம் இருக்கிறதா என்று கேட்டால், இன்றைக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தாதே.

டெய்சிக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் என் பெயரை நீ இழுக்க வேண்டாம். பதினோரு வருடத்தையும் சொல்ல வேண்டாம். உனக்கு முடியாது என்பதை மட்டும் சொல். மன்னிப்பு கேள். அவள் கத்தினால் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிரு.

உன்மேல் எனக்கு வந்த கோபம் இந்த ஜென்மத்தில் தீராது. ஆனாலும் ஜெபத்தில் உன் பெயரை விட எனக்கு வரவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் கேட்கிறேன், இரண்டு நாளாக அவள் பெயரையும் சேர்த்து. ஆண்டவர் உனக்கு வாய் கொடுக்கட்டும். இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் பள்ளிக்கூடம், ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். கூப்பிடு, ஆனந்த்.

என்றும் உன் நன்மையைக் கேட்கும்,
ஜெரால்டு