புதூர்க்காரர்கள் கலக்கிய மாவு

டிசம்பர் 15, திங்கள்

காலையில் நல்ல பனி. சூலூர் ஸ்டாப்பில் பஸ் கண்ணுக்குத் தெரியவில்லை, ஹாரனை நம்பிக் கை காட்டினேன். நின்றது டேங்கர் லாரி.

துறைக்குள் நுழைந்ததுமே துறைத்தலைவர் கூப்பிட்டார். (இனிமேல் து.த. முழுதாக எழுதக் கை வலிக்கிறது.)

"அம்மணி, வருசக் கடைசி மடல் ஒண்ணு போடோணுமுங்க. இந்த வருசம் நம்ம துறை என்ன சாதிச்சுதுன்னு ஒரு பக்கம். வாற வருசம் என்னென்ன வாய்ப்பு இருக்குதுன்னு ஒரு பக்கம். முப்பத்தொண்ணாந் தேதி டீன் மேசைக்குப் போயிரோணும்."

பல்கலைக்கழக மருத்துவ ஆராய்ச்சித் துறை. எத்தனையோ முனைவர்கள். மடல் தட்ட நான். ஒப்பந்த ஊழியருக்கு மட்டும்தான் எப்போதும் நேரம் இருக்கிறது.

முதல் செய்தி எது என்று அவரே முடிவு செய்துவிட்டார்: எங்கள் புதூர் ஆய்வு. வெள்ளகோவிலுக்குப் பக்கம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குத் தினமும் ஒரு பாக்கெட் மாவு, கூழ் காய்ச்சிக் குடிக்க. பாதிப் பேருக்கு மருந்து கலந்த மாவு, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பட்டியல் பீரோவுக்குள் சீல் வைத்து இருக்கிறது. ஒரு வருடம் ஓடியும் ஒரு ஆள்கூட நடுவில் கழன்றுகொள்ளவில்லை. வேறெங்கும் இப்படி நடக்காதாம். து.த.வுக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாம் பக்கத்தின் முதல் வாய்ப்பு: அதே ஆய்வின் இரண்டாம் கட்டம். ஆராய்ச்சி உதவியாளர், ஒரு இடம். அந்த ஒன்று நான்தான். என் ஒப்பந்தம் 31ஆம் தேதியோடு முடிகிறது. இரண்டாம் கட்டம் வந்தால் வேலை உண்டு. வராவிட்டால் வீட்டுக்காரரின் தறிக் குடோனில் போய் உட்கார வேண்டும். தறிச் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது.

டிசம்பர் 17, புதன்

வெயில். எல்லாப் பிரிவுக்கும் 'நற்செய்தி அனுப்புக' என்று மெயில் போட்டிருந்தேன். வந்தவை:

- ஏ.சி. ரிப்பேர் ஆகிவிட்டது.
- ரத்த மாதிரி வைக்கும் பெரிய உறைபெட்டி வந்துவிட்டது. (ஆயுத பூஜைக்கு முன்பே வந்தது. பொட்டு வைத்தோம், பொரி படைத்தோம். பிளக் மட்டும் இன்னும் சொருகவில்லை.)
- சுவரொட்டிப் போட்டியில் மூன்றாம் பரிசு. மொத்தம் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று கேட்டேன். மூன்று.
- நுண்ணுயிரியல் பிரிவு: "அனுப்பிப்போடறமுங்க." நவம்பரிலிருந்து இதே பதில்.

ஆக, உருப்படியான செய்தி புதூர் ஒன்றுதான்.

மதியம் தக்காளி சாதம். உப்பு இல்லை. நான் செய்ததுதான்.

டிசம்பர் 19, வெள்ளி

மடலுக்குப் புகைப்படம் எடுக்கப் புதூர் போனேன். சனிக்கிழமை வருவதாகத்தான் சொல்லியிருந்தேன். நாளை தறிக் குடோனில் பூஜை என்பதால் ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டேன்.

போயிருக்கக் கூடாது.

ராமாத்தாள் அக்கா வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கல்யாண அண்டா. எங்கள் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்து அண்டாவில் கொட்டுகிறார்கள். ஒருத்தி கரண்டியால் கலக்குகிறாள். ராமாத்தாள் அக்கா உழக்கால் அளந்து ஆளாளுக்குப் பங்கு போடுகிறார்.

என்னைப் பார்த்ததும் யாருக்கும் பதற்றமே இல்லை.

"வாங்க கண்ணு! நாளைக்கல்ல வாறமுன்னீங்க? உக்காருங்க, மோர் கொண்டாறேன்."

"அக்கா, இது என்னங்க?"

"மாவுதானுங்க. நீங்க குடுக்கறதுதான்."

"அது தெரியுதுங்க. ஏன் ஒண்ணாக் கொட்டிக் கலக்கறீங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சில பாக்கெட்டு கசக்குதுங்க, சிலது கசக்கறதில்லீங்க. கசக்கறதுதான மருந்து? எனக்குக் கசப்பு வந்துச்சு, பக்கத்தூட்டுப் பழனாத்தாளுக்கு வல்ல. அவளுக்கும் சக்கரதான? அவ பாத்துட்டிருக்க நான் மட்டுங் குடிச்சா நல்லாவா இருக்கும்? அதான் மொத மாசமே பேசி முடிவு பண்ணிப்போட்டோம். எல்லாத்துக்கும் சமமா."

முதல் மாதமே!

"மாசாமாசம் நான் வந்து கேட்டனுங்களே, தினமும் பாக்கெட் சாப்பிட்டீங்களான்னு?"

"சாப்புட்டோமுங்களே. ஒரு நாள் தப்பலீங்க."

உண்மைதான். யாரும் பொய் சொல்லவில்லை. என் படிவத்தில் 'அண்டாவில் கலக்கினீர்களா?' என்ற கேள்வி இல்லை. ஒருவர்கூட ஏன் விலகவில்லை என்பதும் இப்போது புரிகிறது. விலகினால் ஒரு பங்கு குறையும், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மோர் குடித்தேன். அண்டாவை மறைத்துவிட்டு எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தேன். எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு.

டிசம்பர் 20, சனி

குடோன் பூஜை. சர்க்கரைப் பொங்கல், தேங்காய், மூக்கைத் துளைக்கும் சாம்பிராணி. வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

"அந்த ஊருக்காரங்க சங்கத்துல என்னைச் சேத்தி உடு."

"ஏனுங்க, எனக்கு வேலையே போகப் போகுது."

"வேற யாருக்குந் தெரியாதல்ல? உட்டுப்போடு." கொஞ்சம் யோசித்தார். "நீ உடமாட்டே. உனக்கு வயித்த வலி வந்துரும்."

வந்துவிட்டது. காலையிலிருந்தே.

டிசம்பர் 22, திங்கள்

து.த. அறைக்குப் போனேன். யாரோ விருந்தாளி. திரும்பிவிட்டேன்.
மறுபடி போனேன். போனில் இருந்தார். திரும்பிவிட்டேன்.
மூன்றாம் முறை சும்மாதான் இருந்தார். "என்னங்க அம்மணி?" என்றார். உறைபெட்டிக்குப் பிளக் சொருகலாமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

என் கோழைத்தனத்தால் துறைக்கு ஒரு நன்மை: உறைபெட்டி ஓடுகிறது.

டிசம்பர் 23, செவ்வாய்

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே, மூச்சு விடாமல், அண்டா உழக்கு உட்பட எல்லாவற்றையும்.

து.த.வுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "அப்புடிங்களா. கலக்கிப்போட்டாங்களா. ரொம்ப சந்தோசமுங்க. உக்காருங்க. காப்பி சாப்புடறீங்களா?" நான் பார்த்ததிலேயே அவருடைய மிகப் பெரிய கோபம் இது. காபி வேறு வந்தது. குடித்தே ஆக வேண்டியிருந்தது.

"இதை நீங்க மறைச்சிருக்கலாமுங்க" என்றார் கடைசியில்.

"ஆமாங்க சார்."

"ஏனுங்க மறைக்கல?"

அந்த மாவை நம்பி நாளைக்கு வேறு ஊரில் யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால்? இதைத்தான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, "வயித்த வலிங்க சார்."

டிசம்பர் 24, புதன்

மேகமூட்டம். நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் போயிற்று. ஆய்வு நிறுத்தம். இனிப் பட்டியல் ரகசியமாக இருந்து ஒன்றும் ஆகப் போவதில்லை என்று குழுவின் அனுமதியோடு சீலை உடைத்தார்கள்.

கசப்பு மாவுதான் வெறும் மாவு!

மருந்து லேசாகக் கசக்கும், வித்தியாசம் தெரியாமல் இருக்க வெறும் மாவிலும் கொஞ்சம் கசப்பு சேர்க்கச் சொன்னோம். அரைத்தவர் தாராள மனசுக்காரர் போல. ஒரு வருடமாக ராமாத்தாள் அக்கா தியாகம் செய்து ஊருக்கே பங்கு போட்டது வெறும் மாவை. து.த.வும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம். சிரிக்கும் நிலைமை இல்லை.

மடலிலிருந்து முதல் செய்தியை எடுத்தேன். அங்கே இப்போது ஏ.சி. பிறகு இரண்டாம் பக்கத்தில் 'ஆராய்ச்சி உதவியாளர், ஒரு இடம்' என்ற வரியை அழித்தேன். என் கையாலேயே. அழிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. வருத்தமாக இருந்தது. ரொம்பவே.

டிசம்பர் 29, திங்கள்

ராமாத்தாள் அக்காவுக்குப் போன் செய்து இனி மாவு வராது என்றேன். ஏன் என்று விளக்கினேன்.

"உங்க வேல என்னாகும் கண்ணு?"

"பாக்கலாங்க அக்கா."

எங்கள் ஊரில் 'பாக்கலாங்க' என்றால் 'இல்லை' என்றுதான் அர்த்தம், அது அவருக்குத் தெரியாதா. போனை வைத்துவிட்டார்.

மேசையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். இழுப்பறையில் ஒன்பது பேனா, ஒன்றும் எழுதவில்லை.

டிசம்பர் 31, புதன்

காலை பதினொரு மணி. வராந்தாவில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் புதூர்! ராமாத்தாள் அக்கா, பழனாத்தாள், இன்னும் ஆறு பேர், ஒரு பெரிய கட்டு முருங்கைக்காய். காவலாளி தடுத்தாராம். அவர் கையில் நாலு காயைக் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டார்கள். நேராக து.த. அறைக்குள்.

"சாருங்களா? தப்பு எங்க மேலதானுங்க. இந்தப் புள்ள மேல ஒண்ணுமில்லீங்க. திரும்பவும் மொதல்ல இருந்து சாப்புடறமுங்க."

து.த. எழுந்து நின்றேவிட்டார். எல்லோருக்கும் நாற்காலி, காபி. (இது கோபக் காபி இல்லை.) பொறுமையாக விளக்கினார். பாதிப் பேர் ஒரு மாவு, பாதிப் பேர் வேறு மாவு சாப்பிட்டால்தான் எது வேலை செய்கிறது என்று தெரியும், கலந்துவிட்டால் ஒன்றும் தெரியாது என்று.

ராமாத்தாள் அக்கா யோசித்தார். "ஒரே ஊருக்குள்ள அப்புடிக் குடுத்தா எங்களால முடியாதுங்க சார். மனசு கேக்காது. ஊரு மொத்தத்துக்கும் ஒரே மாவாக் குடுத்துப்போடுங்க. இன்னொரு மாவ வலசுக்காரங்களுக்குக் குடுங்க."

"வலசு எதுங்க?"

"பக்கத்து ஊருங்க. ஓடைக்கு அக்கட்டால."

"அவங்களுக்கும் பங்கு குடுப்பீங்களேங்க?"

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"அவிங்களுக்கா?" என்றாள் அதுவரை வாயே திறக்காத பழனாத்தாள். "மாரியாத்தா நோம்பியில எங்க மொளப்பாரிய மறிச்சவிங்களுக்கா? பச்சத்தண்ணி குடுக்க மாட்டோமுங்க."

து.த. மெதுவாகப் பேனாவை எடுத்தார். ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கும் முறை பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அவரும் படித்திருப்பார், நானும் படித்தேன். இருவருக்கும் தோன்றவில்லை.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தால், என் மேசையில் து.த. கையெழுத்தில் ஒரு தாள். மடலில் சேர்க்க: 'வரவிருக்கும் வாய்ப்பு: இரண்டு ஊர்களில் புதிய ஆய்வு, முன்மொழிவு தயாராகிறது.' வாசலில் அவரே நிற்கிறார்.

"நாளைக்கு வலசுக்குப் போய்ட்டு வந்துருங்க அம்மணி. ரெண்டு ஊருக்கும் இன்னும் ஆகறதில்லையான்னு நேர்ல உறுதி பண்ணிக்கோணும். நடுவுல ராசியாயிருந்தாங்கன்னா ஆய்வு போச்சுங்க."

"சார், என் ஒப்பந்தம் இன்னைக்கோட முடியுதுங்க."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தெரியுமுங்க. டீன்கிட்டப் பேசிப்போட்டேன். வேற யாரு போவாங்க?"

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு மடலை அனுப்பினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பிள்ளையார் கோயிலில் இறங்கினேன். புது வருடக் கூட்டம். எல்லோரும் நல்லதாக ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், அந்த இரண்டு ஊரும் சேர்ந்துவிடக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன்.