ஈரத் தலையோடு வருகிற உன் அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். அந்த வெளிநாட்டுக் குளிரில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அடுத்த வரியில் உன் அப்பாவும் நலம் என்று எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது. அவர் நலமா இல்லையா என்பது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று போன வாரம்தான் தெரிந்துகொண்டேன். போனில் கேட்டிருக்கலாம். என் குரல் உயர்ந்துவிடும், இல்லாவிட்டால் நீ அழுதுவிடுவாய், இரண்டும் வேண்டாம். கூரியரில் போட்டால் ஏழெட்டு நாளில் கைக்கு வந்துவிடும் என்றார்கள். தனியாக இருக்கும்போது படி.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அறை ஜன்னல் கொக்கி மூன்று வருடத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது, ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர் வீட்டில் ஒரு கொக்கி மாட்ட மூன்று வருடம். உன் அத்தை புது வீட்டுக்குப் போய் வந்தோம். உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, உன் அப்பா எழுந்து விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பூச்சு சரியாக ஒட்டாத இடத்தில் பென்சிலால் வட்டம் வேறு போட்டார். "அண்ணா, நீ சாப்பிட வந்தியா, இடிக்க வந்தியா" என்று அத்தை கேட்டாள். அவர் காதிலேயே வாங்கவில்லை. இந்த மனிதருக்கு வேலையை விட்டால் வேறு உலகமே கிடையாது என்று இருபத்தைந்து வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். சினிமாவுக்குக் கூட்டிப் போனால் திரையை விட்டுவிட்டுக் கூரையைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் மூன்று மாதமாக, வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறரைக்கு ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தால் நான் என்ன நினைப்பேன், சொல்லு. புருவம் வரைக்கும் சிமெண்ட் தூசியோடு வருவார், வெளியே தட்டிவிட்டு வாங்க என்று நான் கத்துவேன், அதுதான் எங்கள் வழக்கம். இப்போது கத்துவதற்கு ஒன்றும் இல்லை. நம் வீட்டில் வாங்காத சோப்பின் வாசனை வேறு. கேட்டால், "வெயில் தாங்கல, சைட்டுலயே குழாயில தலையைக் காட்டிட்டு வந்தேன்" என்றார். சைட்டுக் குழாயில் ரோஜா வாசனையா வருகிறது?

எனக்குச் சந்தேகம் டைல்ஸ் கடைக்காரி மேல் விழுந்தது. அவளுக்கு நல்ல குரல், சிரித்துச் சிரித்துப் பேசுவாள், உனக்குத் தெரியுமே. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நாள் அவள் கடைக்கே போய்விட்டேன். குளியலறைக்கு டைல்ஸ் பார்க்க வந்தேன் என்று சொல்லி ஒரு மணி நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னக்கா, அண்ணன் இந்தப் பக்கமே வர்றதில்ல? நாலு மாசமா மேஸ்திரியைத்தான் அனுப்புறாரு. எங்க மேல எதாவது கோபமா?" என்று அவளே குறைப்பட்டுக்கொண்டாள். நான் நாலு மாதிரி டைல்ஸைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அவை இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

மறுநாள் மேஸ்திரியைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் அவர் மணல் சலிக்கிற இடத்துக்கு நழுவினார், நானும் பின்னாலேயே போனேன். "அண்ணி, அது வந்து" என்று இழுத்தார். அப்புறம், "பாப்பாவுக்கு எல்லாம் தெரியுமே, உங்களுக்கு இன்னுமா சொல்லல?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த ஒரு கேள்விக்கு டைல்ஸ் கடைக்காரியே தேவலை என்றிருந்தது எனக்கு. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நீ வரைந்து கொடுத்த வளைவுப் படிக்கட்டைப் போனில் உனக்குக் காட்டுவதற்காக உன் அப்பா சாரத்தில் ஏறினதும், முழு வளைவும் தெரிய வேண்டும் என்று பின்பக்கமாகவே நடந்ததும், பலகை முடிந்ததும். சாரத்தில் போனை எடுத்தால் அன்றைக்கு வேலை கிடையாது என்று ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறவர் அவர். வெளியூர் சைட்டில் ஐந்து நாள் வேலை என்று மேஸ்திரி வந்து துணிப்பை வாங்கிப் போனாரே, அது ஆஸ்பத்திரிக்காம். சட்டைகளை இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன், நேரம் போகட்டும் என்று ஒரு நாவலும் வைத்தேன். முதுகைத் திருப்ப முடியாமல் படுத்திருந்தவருக்கு. திரும்பி வந்து பல நாள் மெல்ல மெல்ல நடந்தபோதும், பஸ்ஸில் வந்த அலுப்பு என்றார், நம்பினேன்.

நீ அங்கே திரையில் அவர் விழுவதைப் பார்த்திருக்கிறாய். படிக்கட்டு போய், வானம் வந்து, இருட்டாகி. மேஸ்திரியைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொன்னதும் நீதான். அன்றைக்கே என்னிடமும் பேசினாய். குரல் ஏன் கம்மியிருக்கிறது என்று கேட்டேன். சளி என்றாய். நானும் நம்பி, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி என்றேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் எதையாவது தூக்கி எறிய வேண்டும் போலிருக்கிறது, உன் மேலா அவர் மேலா என்று தெரியவில்லை. "அம்மாவுக்குச் சொல்லாதே, தாங்க மாட்டா" என்று அவர் சொல்லியிருப்பார். நான் தாங்கியதை எல்லாம் அவர் மறந்துவிட்டார். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற கூட்டத்தில் பதினேழு வயதில் பலகை சுமக்கச் சேர்ந்தவர், சின்னச் சின்ன மதில் சுவர்களை ஒப்பந்தம் எடுத்து, அதிலிருந்து ஒரு இரண்டு அறை வீடு வரை வந்தபோதுதான் எனக்குக் கல்யாணம் ஆனது. எனக்குப் பத்தொன்பது. அந்த வீட்டுச் சுவர்களுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் அடித்தது நான். சாப்பிட்டு முடித்ததும் செங்கல் துண்டால் தரையில் கோடு போட்டு, படி இங்கே வரலாமா, அங்கே வரலாமா என்று என்னைக் கேட்பார். எனக்கு என்ன தெரியும், ஆனாலும் கேட்பார். அடுப்படியில் நிற்கிறவளுக்கு வாசல் தெரிய வேண்டும் என்று சொன்னேன். இன்றைக்கு மூன்று மாடி கட்டுகிறார், கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் வைத்திருக்கிறார், எல்லா வீட்டிலும் அடுப்படியிலிருந்து வாசல் தெரிகிறது. யார் சொன்னது என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்காது. நீ படித்து எஞ்சினியர் ஆனதை நான்தான் எல்லோரிடமும் முதலில் போய்ச் சொன்னேன். ஆனால் தினமும் ஏழு மணிக்கு அவர் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறபோது அந்தக் கால்களில் ஒரு அவசரம் இருக்கும், அது எனக்காக வந்து பல வருடம் ஆகிறது. கீழே நிற்கிற எனக்குப் பேச்சு புரியாது, குரல் மட்டும் கேட்கும். பெற்ற பெண் மேல் பொறாமைப்படுகிறவளை என்னவென்று சொல்வது என்று படித்த புத்தகங்களில் எல்லாம் தேடிவிட்டேன். யாரும் எழுதி வைக்கவில்லை.

வாரத்தில் மூன்று நாள் அவர் போகிற நீச்சல் குளத்துக்கும் போனேன். முதுகுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாராம், அதையும் மேஸ்திரிதான் சொன்னார். கம்பி வலைக்கு வெளியே நின்று பார்த்தேன். இடுப்பளவு ஆழத்தில், ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், மிதக்கிற அட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உன் அப்பா. சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். "ஐயா, காலை மடக்காதீங்க, அடிங்க, அடிங்க" என்று விரட்டினாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்தார். வாயைத் திறந்து, பல் எல்லாம் தெரிய. அந்தத் தண்ணீர் மேலும் எனக்குப் பொறாமை வந்தது, பாப்பா. அவர் கண்ணில் படாமல் வந்துவிட்டேன். ஆறரைக்கு அவர் வந்தார், தட்டு வைத்தேன், சாப்பிட்டார், நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். நான் கேட்டதற்காகச் சொன்னதாக ஆகிவிடும். எனக்கு அது வேண்டாம். தானாக வந்து என்னிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

மேஸ்திரி சொன்னபடி, இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, டாக்டர் இரண்டாவது ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லப்போகிறார். இது உனக்கு முன்னமே தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போதே அவர் உன்னைத்தான் கூப்பிடுவார். அன்றைக்கு மட்டும் நீ போனை எடுக்காதே. உனக்குப் பதைக்கும், எனக்குத் தெரியும். மேஸ்திரியையும் கூப்பிட்டுக் கேட்காதே. நல்லதோ கெட்டதோ, அதைச் சொல்ல ஆள் கிடைக்காமல் அவர் வீட்டுக்கு வரட்டும். நான் வீட்டில்தான் இருப்பேன். அப்படியும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், அதையும் நான் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

நாலு மாதம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாய். கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் நீ நல்ல பிள்ளை. வேலையில் உன் கைவிரலுக்குக்கூட ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். தலைக்கவசம் போட்டால் மட்டும் போதாது, தாடைப் பட்டையையும் மாட்டு. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, அப்பாவிடம் வாயைத் திறக்காதே, அதில்தான் நீ கெட்டிக்காரியாயிற்றே. வெள்ளிக்கிழமை காலையில் நானே உன்னைக் கூப்பிடுகிறேன். அவர் சொல்லியிருந்தால், உன் அப்பாவைப் பற்றி ஒரு செய்தியை இந்த முறை நீ என்னிடமிருந்து கேட்பாய்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா