என் ரத்தத்தை வகுத்துப் பார்த்த தம்பிக்கு

கென்டக்கி,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி டெல்பர்ட்டுக்கு,

உயிரோடு இருக்கும் அண்ணனை ஊர் முழுக்கச் சாகடித்துவிட்டாய். நீ செய்த அநியாயம் இதுதான்.

வியாழக்கிழமை என் குரல்வளையை எடுக்கப்போகிறார்கள். அதற்கான ரத்தப் பரிசோதனை முடிவைக் கணினியில் பார்த்துச் சொல்லத்தான் உனக்குக் கடவுச்சொல் கொடுத்தேன். நீயோ அரிசோனாவில் உட்கார்ந்துகொண்டு நியூட்ரோபில் என்ற வெள்ளணுவை லிம்போசைட் என்ற வெள்ளணுவால் வகுத்தாய். ஏழு வந்ததாம். ஐந்தைத் தாண்டினால் தொண்டைப் புற்றுநோய்க்காரன் அதிக நாள் தாங்கமாட்டான் என்று எங்கோ படித்தாயாம். உடனே நம் சர்ச்சுக்குப் போன்!

மறுநாள் பதினொரு கேசரோல் வந்து இறங்கின. துக்க வீட்டுக்குக் கொடுக்கிற, பாலாடைக்கட்டி போட்டு அடுப்பில் சுட்ட அதே உருளைக்கிழங்குக் கேசரோல். எனக்குச் சூப்பே சண்டை போட்டுத்தான் இறங்குகிறது. பின்னாலேயே பாதிரியார் வந்தார். "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எதுண்ணே?" என்றார். எதற்கு என்றேன். "சும்மாதான்" என்று கூரையைப் பார்த்தார். பக்கத்துப் பண்ணை லவோன், "நாயை நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாம போங்க" என்றான். எங்கேடா போகணும் என்று கேட்பதற்குள் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து நீ படித்த கட்டுரையைக் கடைசி வரி வரை படித்தேன். அந்த எண் நூற்றுக்கணக்கான நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. தனி ஆளுக்கு அது நாள் குறிக்காது. ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கினாலும் அது ஏறுமாம். வேலியோர விஷக்கொடி பட்டு உடம்பெல்லாம் கொப்புளித்ததற்கு, ரத்தம் கொடுத்த சமயத்தில் நான் அதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "இதை ஏன் முன்னாடியே சொல்லலே, பெரியவரே?" என்று கத்தினாள். நீங்கள் புற்றுநோயைப் பற்றித்தானே கேட்டீர்கள், அரிப்பைப் பற்றிக் கேட்கவில்லையே என்றேன். மாத்திரையை நிறுத்திச் சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து வகுத்ததில் மூன்று வந்தது. "இதுக்காக ஆடவும் வேணாம், அழவும் வேணாம்" என்றாள்.

ஆகவே, நீ சர்ச்சுக்குப் போன் செய்து நான் சாகவில்லை என்று சொல்ல வேண்டும். பாதிரியார் என் அடக்கத்துக்குப் போட்ட பாட்டுப் பட்டியலைக் கிழிக்க வேண்டும். லவோன் என் நாயை இன்றே கொண்டுவந்து விட வேண்டும். உறைபெட்டியில் அடுக்கிவைத்திருக்கும் கேசரோல்களை நீ வந்து தின்ன வேண்டும். புதன்கிழமை காலை விமானத்தில் வா. உன்னை எதிரில் உட்காரவைத்துத் திட்ட எனக்கு ஒரு முழு மாலை வேண்டும். வியாழனுக்குப் பிறகு அதை எழுதித்தான் காட்ட வேண்டியிருக்கும்.

நல்லபடியாக வந்து சேர்.

உன் அண்ணன்,
வெர்லன்