கம்ப்யூட்டர் பெட்டியின் துருவும் கப்பலின் படகும்

ராயப்பன்பட்டி,
ஜூலை மாதம், சனிக்கிழமை.

அன்புள்ள மகன் சகாய பிரவீனுக்கு அம்மா எழுதுவது.

நான் கம்ப்யூட்டர் பெட்டிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன் என்று உன் அத்தை சகாயராணி உனக்குப் போனில் சொன்னது உண்மையில்லை. எண்ணெய் தடவினேன், குளிப்பாட்டவில்லை. அண்ணன் காலமானதிலிருந்து மதினிக்கு ஒரு மாதிரியாகிப்போச்சு என்று கோயில் வாசலில் நின்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள், அதுவும் உண்மையில்லை. என் புத்தி தெளிவாக இருக்கிறது, ஆண்டவர் தயவில் உடம்பும் நன்றாகவே இருக்கிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ நலமா என்று எல்லாக் கடிதத்திலும் வழக்கத்துக்காகக் கேட்பேன், இந்த முறை பயந்துபோய்க் கேட்கிறேன். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன், பாதியில் மடித்துப் பையில் வைத்துவிடாமல் கடைசிவரை படி.

சாரல் பிடித்ததிலிருந்து பெட்டியின் மேல்தகட்டில் காப்பிப்பொடி சிந்தினாற்போலப் புள்ளி புள்ளியாகத் துரு. அரிவாள்மனைக்குத் தடவுவது போலத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினேன். சகாயராணி பார்த்தது அதைத்தான், "மதினி, சீயக்காய் எடுத்துட்டு வரவா, தலைக்கும் ஊத்தி விட்ருவோம்" என்று சிரித்தாள். எண்ணெயில் தூசி ஒட்டி அசிங்கமானதே தவிர துரு நிற்கவில்லை. ஒரு நாள் பின்பக்கம் கைபட்டபோது சுருக்கென்று கரண்ட் அடித்தது. சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்பத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தங்கப்பாண்டியனை வரச் சொன்னேன். வந்தவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சரம்மா, உப்புக்கண்டம் போட்டு வச்சிருக்கீகளா, கப்பல்ல போனது பிரவீனா இந்தப் பெட்டியா" என்றார். அவருக்கு எப்போதும் வாய் அதிகம். என் வீட்டு உப்பு சமையலறையைத் தாண்டி வராது என்று நானும் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுநிமிடம் மாதா படத்துக்குக் கீழே இருக்கும் தீர்த்த பாட்டில் கண்ணில் பட்டது. இரவு ஜெபம் முடிந்ததும் வீட்டில் எல்லாருடைய படுக்கையிலும் தீர்த்தம் தெளிப்பது நம் வழக்கம் அல்லவா. நீ கப்பலுக்குப் போனபிறகு உன் காலிக் கட்டிலில் தெளிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் முகம் தெரிகிற இடம் இதுதானே என்று பெட்டியின்மேல் தெளித்து வந்தேன். சாமியார் உப்பை மந்திரித்துக் கலந்துதான் தீர்த்தம் செய்கிறார், அது எனக்குத் தெரியும். உப்பு இரும்பைத் தின்னும் என்று கான்வென்டில் படித்து, பரீட்சையில் எழுதி, மதரிடம் பாராட்டும் வாங்கியவள் நான். இரண்டையும் சேர்த்து நினைக்க ஒரு நாளும் தோன்றவில்லை. விஷயத்தைச் சொன்னதும் தங்கப்பாண்டியன், "சாமி காப்பாத்திருச்சு டீச்சர், போர்டுல ஒரு சொட்டு விழலை, தகட்டோட நின்னுருச்சு, ஆனாலும் இதத் தூக்கிப்போட்டுட்டுப் புதுப்பெட்டி வாங்கிருங்க" என்றார். இருக்கிறதைச் சரி செய்யாமல் தூக்கிப்போடும் பழக்கம் எனக்கில்லை என்று சொல்லி, சகாயராணியின் போனில் உன்னைக் கூப்பிட்டதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும்.

நீ சொன்னபடியே செய்தோம். துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் வேலையில் கப்பலில் சேர்ந்த பிள்ளை சொல்லும்போது தாய் கேட்கத்தானே வேண்டும். தங்கப்பாண்டியன் உள்ளே இருக்கும் போர்டு, வயர் எல்லாவற்றையும் கழற்றி மேசையில் எடுத்து வைத்துவிட்டார். வெறும் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் எடுத்து, உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். தாள் போகாத மூலைகளில் வினிகர் நனைத்த துணியை வைத்து எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, வெயில் வராததால் மின்விசிறிக்கு அடியில் காயவைத்தேன். பிறகு துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு, அது நன்றாகக் காய்ந்தபின் பெயின்ட். எர்த் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் மட்டும் பெயின்ட் படாமல் விட்டோம், அங்கே துரு ஏறியதும் சுவர் பிளக்கில் எர்த் வயர் கழன்று கிடந்ததும் சேர்ந்துதான் எனக்குக் கரண்ட் அடித்திருக்கிறது. அந்த வயரைத் தங்கப்பாண்டியன் முறுக்கிக் கொடுத்தார். இப்போது பெட்டி தரையில் இல்லை, பலகைமேல் இருக்கிறது. நான் தைத்துப்போட்ட பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது என்று நீ சொன்னதால் எடுத்துவிட்டேன். தினமும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் அந்தச் சூட்டில் ஈரம் போகும் என்றாய், ஓடவிடுகிறேன். தீர்த்தம் இனி உன் தலையணையில் மட்டும்.

நான் சொல்ல வந்தது இதில்லை. அடித்தகட்டைக் கடைசியில்தான் திருப்பினேன். அதில் துருவே தெரியவில்லை, கறுப்பு பெயின்ட் பளபளவென்று இருந்தது, ஒரு மூலையில் மட்டும் அம்மைக் கொப்புளம் போலச் சிறிதாக எழும்பியிருந்தது. இதையும் தேய்க்கவா வேண்டாமா என்று ஸ்க்ரூடிரைவரால் லேசாக அழுத்தினேன், பிரவீன், அப்பளம் மாதிரி உடைந்து ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே போய்விட்டது. பெட்டி போனதற்காக வருத்தப்படுகிறேன் என்று நினைத்துத் தங்கப்பாண்டியன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அந்த நேரத்தில் கண்முன் வந்தது உன் கப்பலின் உயிர்காப்புப் படகு. "இன்ஸ்பெக்‌ஷன் வருதும்மா, நேத்து ஒரே நாள்ல அம்புட்டுக்கும் பெயின்ட் அடிச்சுட்டோம், எப்படி மின்னுது பாருங்க" என்று வீடியோவில் காட்டினாயே, படகைத் தொங்கவிடும் அந்தக் கொக்கிக்கு மேலே, இரும்புக் கையில், இதே கொப்புளத்தை நான் பார்த்தேன். அப்போது அது என்னவென்று எனக்குத் தெரியாது. "துருவைச் சுரண்டாம மேல அடிச்சா உள்ள தின்னுக்கிட்டே கெடக்கும்மா" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. இந்தச் சின்னப் பெட்டியைச் சுரண்டவே எனக்கு இரண்டு நாள் முழுதாகப் போயிற்று. கப்பலின் மேல்தளம் முழுக்க ஒரே நாளில் எப்படிச் சுரண்டினீர்கள்? சுரண்டவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போனில் கேட்டதற்கு, "அதெல்லாம் பெரிய ஆபீசர் பார்த்துக்கிருவாக, நீங்க ஜெபம் பண்ணுங்கம்மா" என்று சிரித்துவிட்டுக் கேமராவைத் திருப்பிக்கொண்டாய். கண்ட்லா துறைமுகத்திலிருந்து கிளம்பினதும் படகில் ஆட்களை ஏற்றிக் கடலுக்கு இறக்கிப் பயிற்சி உண்டு, இந்த முறை நானும் ஏறுகிறேன் என்று பெருமையாக வேறு சொன்னாய். ஜெபமாலையை எடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது, அந்தத் தகடு உடைந்த சத்தம்தான் காதில் கேட்கிறது.

ஆகையால் நான் சொல்வதைச் செய். படகில் ஏறுமுன் அந்தக் கொக்கியையும் இரும்புக் கையையும் சுத்தியலால் தட்டிப் பார். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், செத்த இரும்பு தொப்பென்று கேட்கும் என்று சொன்னவனும் நீதான். தொப்பென்று கேட்டால் ஆபீசரிடம் சொல், அவர் கேட்காவிட்டால் ஏறாதே. உன்னோடு ஏறுகிற மற்றப் பிள்ளைகளிடமும் சொல், அவர்களுக்கும் ஒவ்வொரு ஊரில் தாய் இருப்பாள். வேறு வழியே இல்லாவிட்டால் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று சொல்லிவிட்டுக் கண்ட்லாவிலேயே இறங்கி வந்துவிடு. என் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவள் இல்லை நான், உனக்குச் சொல்லித் தருகிறேன். பயந்து ஓடிவந்துவிட்டான் என்று ஊர் பேசினால் பேசட்டும், அதற்கு வாசலில் நின்று நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் சகாய மாதா உன் பக்கத்தில் இருப்பாராக, உன் அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கட்டும். வெறும் காலோடு கப்பல் தகட்டில் நடக்காதே.

இதைக் கூரியரில் கண்ட்லா ஏஜென்ட் ஆபீசுக்கு அனுப்புகிறேன், கப்பல் வந்ததும் உன் கையில் கொடுப்பார்கள். போனில் பதில் சொல்ல வேண்டாம், போனில் நீ ஒன்றுமில்லை என்று சிரிப்பாய். பெயின்ட் அடிக்குமுன் அந்தக் கொக்கியைச் சுரண்டினீர்களா இல்லையா என்று, உன் கையெழுத்தில் எனக்கு எழுதி அனுப்பு.

அம்மா,
பாக்கியம் பங்கிராஸ்